மண் கோர்ட்டுக்கு எந்தப் பந்து? ஒரு சென்னை கிளப்பின் தேர்வு

போன வருடம் மே மாதம். எங்கள் கிளப்பின் ஆண்டு டென்னிஸ் போட்டியில் ஆண்கள் இரட்டையர் அரையிறுதி. இரவு எட்டரை மணி இருக்கும். ஆளுக்கு ஒரு செட் எடுத்து, மூன்றாவது செட்டில் 4-4. சர்வ் சரியாக விழுந்தது, எதிரே நின்றவர் திருப்பி அடித்தார். அந்தப் பந்து மண்ணில் பட்டு முழங்கால் உயரம்கூட எழும்பாமல் அடங்கிவிட்டது. பாயிண்ட்டை இழந்தவர் அதை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. "இது செத்த பால் சார், பாயிண்ட்டை மறுபடி ஆடணும்" என்றார்.

நடுவர் நாற்காலியில் இருந்தவரும் எங்கள் உறுப்பினர்தான். அவருக்கு அது நியாயமாகப் பட்டது, மறுபடி ஆடச் சொன்னார். எதிரணி ஒத்துக்கொள்ளவில்லை. இருபது நிமிடம் வாக்குவாதம். டென்னிஸ் செயலாளர் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டார்கள். நானும் நடுவர் பக்கமே நின்றேன். பாயிண்ட் மறுபடி ஆடப்பட்டது, ஆட்டம் கைமாறியது. தோற்ற இருவரும் கைகுலுக்கிவிட்டுப் பேசாமல் போனார்கள். அவர்களில் ஒருவர் இருபது வருடமாக எங்கள் கோர்ட்டில் ஆடுகிறவர்.

மறுநாள் காலை சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்தேன். மூன்றாவது விதி பந்தைப் பற்றியது. ஆட்டத்தில் இருக்கும்போது பந்து உடைந்தால் பாயிண்ட்டை மறுபடி ஆட வேண்டும். பந்து உடையாமல் மெத்தென்று ஆகியிருந்தால் மறு ஆட்டம் கிடையாது. சந்தேகத்துக்கே இடமில்லாமல் கேள்வி பதிலாகவே அதைப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் செய்தது தவறு. அந்த இருவர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதில் ஒருவர் கேட்ட கேள்விதான் என்னை விடவில்லை: "விதி கிடக்கட்டும் தம்பி. அரையிறுதியில அந்தப் பால் எப்படி கோர்ட்டுக்குள்ள வந்துச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி அடுத்த சில மாதங்கள் நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலைமையில் இருக்கும் சின்ன கிளப்புகளுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

பந்து எப்படி வந்தது

எங்களுடையது தென்சென்னையில், கடற்காற்று எட்டும் தூரத்தில் இருக்கும் கிளப். இரண்டு மண் கோர்ட், ஒரு சிந்தெடிக் கோர்ட், அதாவது கெட்டித் தரை. மண் கோர்ட்டுக்குத் தினமும் பிற்பகலில் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டுவார்கள். மே மாதம் காலை ஆட்டம் பதினொரு மணி வெயில் வரை போகும், மாலை ஆட்டம் விளக்கு வெளிச்சத்தில் ஒன்பது மணி வரை. ஒரே நாளில் காய்ந்த சூடும் வரும், ஈரப் புழுக்கமும் வரும்.

பந்து வாங்கிய விதத்தில்தான் முதல் தவறு. முந்தைய கோடையில் தள்ளுபடியில் மொத்தமாக வாங்கி, மிஞ்சியதை மோட்டார் ரூமில் வைத்துவிட்டோம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பன்னிரண்டு மாதம் அந்தச் சூட்டில் கிடந்த பந்துக் கேன்களைத்தான் அடுத்த போட்டிக்கு எடுத்தோம். அன்றைக்குக் கேன் திறந்த பையனை விசாரித்தபோது, "ஒரு கேன்ல மட்டும் புஸ்ஸுன்னு சத்தம் வரல அங்கிள்" என்றான். அவன் அப்போதே சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்ல வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

அந்தச் சத்தம் ஏன் முக்கியம்? நாம் ஆடும் பந்துக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 14 பவுண்டு வரை அதிகம். துள்ளலில் பெரும்பங்கு அந்தக் காற்றால் வருவது. ரப்பர் சுவர் வழியாக அது மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும், நிறுத்த முடியாது. அதனால்தான் கேனுக்குள்ளும் அதே அளவு அழுத்தம் ஏற்றி மூடுகிறார்கள். உள்ளும் வெளியும் சமமாக இருக்கும்வரை பந்திலிருந்து காற்று போக வழியில்லை. மூடி கொஞ்சம் நசுங்கினாலும் போதும், கேனின் அழுத்தம் போய்விடும், அப்புறம் பந்தும் மெல்ல மெல்லச் சாகும். சத்தம் வராத கேன் என்றால் திறப்பதற்குப் பல வாரம் முன்பே அந்தப் பந்துகளின் கதை முடிந்துவிட்டது என்று பொருள்.

எதில் எதை ஆடுகிறார்கள்

கமிட்டிக் கூட்டத்தில் முதலில் வந்த யோசனை, டிவியில் பார்க்கிற பந்தையே வாங்கிவிடலாம் என்பது. அதை நான் எதிர்த்தேன். பெரிய போட்டிகளிலேயே ஒரே பந்து கிடையாது. விம்பிள்டனில் 1902 முதல் ஸ்லாசெஞ்சர். யுஎஸ் ஓப்பனில் 1979 முதல் வில்சன். ஆஸ்திரேலிய ஓப்பன் 2019இல் டன்லப்புக்கு மாறியது, பிரெஞ்சு ஓப்பன் 2020இல் பபோலாவிலிருந்து வில்சனுக்கு மாறியது. புல்லுக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று, கெட்டித் தரைக்கு ஒன்று. ஒரே நிறுவனம் செய்தாலும் பந்து வேறு.

வித்தியாசம் பெரும்பாலும் மேல் உறையில், அதாவது ஃபெல்ட்டில். கம்பளி நூலும் நைலானும் கலந்து நெய்த துணி அது. கேனில் 'எக்ஸ்ட்ரா ட்யூட்டி' என்று போட்டிருந்தால் ஃபெல்ட் தடிமனாக, சற்றுத் தளர்வாக இருக்கும். உரசும் கெட்டித் தரையில் தாக்குப்பிடிக்கச் செய்தது. 'ரெகுலர் ட்யூட்டி' என்றால் மெலிதாக, ரப்பரோடு ஒட்டி இறுக்கமாக இருக்கும். இதைச் சிந்தெடிக் கோர்ட்டில் ஆடினால் சீக்கிரம் வழுக்கையாகிவிடும். அதுபோல, தடிமனான ஃபெல்ட்டை மண்ணில் ஆடினால் மண்ணைப் பிடித்துக்கொண்டு பஞ்சு பஞ்சாக எழும்பி, காற்றில் தயங்க ஆரம்பிக்கும்.

இது சின்ன விஷயமில்லை. யுஎஸ் ஓப்பனில் 2022 வரை ஆண்கள் எக்ஸ்ட்ரா ட்யூட்டி பந்திலும் பெண்கள் ரெகுலர் ட்யூட்டி பந்திலும் ஆடினார்கள். பெண்களுக்கான பந்தைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாக இருக்கிறது என்று போலந்து வீராங்கனை இகா ஸ்வியான்டெக் அந்த வருடம் வெளிப்படையாகப் பேசினார். 2023இல் இருவருக்கும் ஒரே பந்து என்று மாற்றினார்கள். ஃபெல்ட் ஒன்று மாறினால் ஆட்டமே மாறும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எங்கள் கிளப்பில் அதுவரை இரண்டு விதக் கோர்ட்டுக்கும் எக்ஸ்ட்ரா ட்யூட்டியையே வாங்கிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் கொடுப்பது அதுதான், நாங்களும் கேட்டதில்லை.

பரிசோதனை

நான்கு விதப் பந்து எடுத்தோம். நான்கும் சர்வதேசக் கூட்டமைப்பு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் உள்ளவை. கேனில் 'சாம்பியன்ஷிப்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்ப முடியாது, பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறுவனப் பெயர்களை இங்கே சொல்லப்போவதில்லை. எங்கள் மண்ணுக்குச் சரிப்படாதது இன்னொருவர் தரைக்குப் பொருந்தலாம். அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்ளலாம். அ, ஆ இரண்டும் எக்ஸ்ட்ரா ட்யூட்டி, இ, ஈ இரண்டும் ரெகுலர். பந்தில் அச்சிட்டிருந்த பெயரைக் கறுப்பு மார்க்கர் பேனாவால் முழுக்க மறைத்து எழுத்தை மட்டும் போட்டோம்.

விதிப்படியான அளவுகள் இவை. எடை 56.0 முதல் 59.4 கிராம். விட்டம் 6.54 முதல் 6.86 சென்டிமீட்டர். 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும். ஆய்வுக்கூடத்தில் 20 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதத்தில் பந்தை ஒருநாள் வைத்துவிட்டுத்தான் இதைச் சோதிக்கிறார்கள். சென்னையில் அதற்கு எங்கே போவது? சீட்டாடும் அறையில் ஏசி இருக்கிறது. முந்தைய இரவே கேன்களைத் திறந்து அங்கே வைத்துவிட்டோம். எங்களுடையது ஆய்வுக்கூடத் தீர்ப்பு அல்ல, நான்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது மட்டுமே.

சுவரில் 135இலும் 147இலும் இரண்டு பென்சில் கோடு. ஏணியில் எங்கள் மார்க்கர். இந்த ஊர் கிளப்புகளில் உறுப்பினர்களோடு ஆடிப் பழக்குகிறவரை அப்படித்தான் அழைப்போம். முப்பது வருடமாகப் பந்தைக் கையில் பிடித்தவர். கீழே நான், கோட்டுக்கு நேராகக் கைபேசியை வைத்து மெதுவோட்டத்தில் படம் எடுத்தேன். புதுப் பந்துகள் நான்கு விதமும் இரண்டு கோட்டுக்கு நடுவே வந்தன. மோட்டார் ரூமில் மிச்சமிருந்த பழைய கேன்களில் ஒன்றையும் திறந்தோம். சத்தம் வந்தது, பந்தும் கோட்டைத் தொட்டது. இன்னொன்றில் சத்தம் வரவில்லை. மூன்று பந்தும் கீழ்க்கோட்டுக்கு வெகு கீழே நின்றன. ஏணியில் இருந்தே மார்க்கர் சொன்னார்: "சார், இதை நான் காதுலயே கண்டுபிடிச்சிடுவேன். தரையில பட்டா டப்புனு வரும், டிங்னு வராது."

எடைக்கு, நகைக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் தன் தராசைக் கொண்டுவந்தார். சமையலறைத் தராசு ஒரு கிராம் வரைதான் காட்டும், இங்கே மொத்த இடைவெளியே மூன்றரை கிராம்தான்.

இதெல்லாம் முன்னுரை. உண்மையான பரிசோதனை ஆடிப் பார்த்ததில்தான் இருந்தது. நான்கு மாலை, ஒவ்வொரு மாலையும் ஒரே எட்டுப் பேர், இரண்டு மண் கோர்ட்டிலும் இரட்டையர் ஆட்டம். கோர்ட்டுக்கு ஒரு கேன், பந்து மாற்றம் கிடையாது. இரண்டு செட் முழுக்க. மதிப்பெண் இரண்டு முறை கேட்டோம்: நான்கு கேம் முடிந்ததும் ஒரு தடவை, இரண்டாவது செட் முடிந்ததும் ஒரு தடவை. முதல் தாளை உடனே வாங்கி வைத்துவிட்டேன், இரண்டாவது தடவை எழுதும்போது முதலில் எழுதியதை யாரும் பார்க்கக் கூடாது என்று.

இரண்டு தடவை கேட்டதற்குக் காரணம் உண்டு. தொழில்முறைப் போட்டியில் முதல் ஏழு கேமுக்குப் பிறகும், பின் ஒவ்வொரு ஒன்பது கேமுக்கும் பந்தை மாற்றிவிடுவார்கள். வார்ம்-அப்பில் பந்து கொஞ்சம் தேய்வதால் முதல் மாற்றம் மட்டும் சீக்கிரம். அவர்கள் ஆடுவது எப்போதும் இளமையான பந்து. ஒரு கிளப்பால் அப்படிச் செலவழிக்க முடியாது. எங்கள் பந்து இருபது கேம் உழைக்க வேண்டும். டிவியில் பார்ப்பதை நம்பிப் பந்து தேர்ந்தெடுப்பதில் இருக்கும் பிழை இதுதான்: அங்கே பந்தின் முதல் ஒன்பது கேமை மட்டும்தான் நாம் பார்க்கிறோம்.

முதல் தாளில் 'அ' எல்லோரையும் முந்தியது. எட்டில் ஆறு பேருக்கு அதுதான் பிடித்திருந்தது. நல்ல கனம், ராக்கெட்டில் பட்டால் நிறைவான சத்தம். இரண்டாவது தாளில் அதே ஆறு பேரில் ஒருவர்கூட அதை முதலிடத்தில் வைக்கவில்லை. ஈர மண்ணில் அதன் ஃபெல்ட் எழும்பி, பந்து பெரிதாகி, நிறமும் செங்கலாகிவிட்டது. நகைத் தராசில் வைத்தபோது எடையும் கூடியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றும் மூத்தவர் ஒருவர் எழுதியிருந்தார். இதை நான் எதிர்பார்க்கவேயில்லை. பந்து மஞ்சளாக இருப்பதே கண்ணுக்குத் தெரிவதற்காகத்தான். தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரியவேண்டும் என்று கூட்டமைப்பு 1972இல் கொண்டுவந்த நிறம் அது, விம்பிள்டனே 1986இல்தான் ஏற்றுக்கொண்டது. அந்த நிறம் மண்ணில் மறைந்துபோனால், அறுபது வயதில் வலைக்கு அருகே நிற்பவருக்கு அது ஆபத்து.

'ஈ' மண்ணைப் பிடிக்கவில்லை, ஆனால் இரண்டாவது செட்டின் நடுவிலேயே மெத்தென்று ஆனது. 'இ' முதல் தாளில் மூன்றாம் இடம்தான் வாங்கியது, "கொஞ்சம் வேகம், கையில் நிற்கவில்லை" என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது தாளில் அதற்குத்தான் முதலிடம். காரணமாகப் பெரும்பாலோர் எழுதியது ஒரே விஷயம்: முதல் கேமில் இருந்தபடியே இருபதாவது கேமிலும் இருந்தது. எனக்கு அது போதும். போட்டிப் பந்திடம் நான் எதிர்பார்ப்பது சுகத்தைவிட அந்த மாறாத தன்மையைத்தான். 2-2இல் ஒருவர் கற்றுக்கொண்ட துள்ளல் 5-5இலும் அவருக்குச் செல்லுபடியாக வேண்டும்.

'ஆ' பற்றிச் சொல்ல அதிகமில்லை. மண்ணில் 'அ' போலவே ஆனது, சிந்தெடிக்கில் நன்றாக நின்றது.

காற்றழுத்தம் இல்லாத பந்தை வாங்கினால் கேனும் வேண்டாம், சாகவும் சாகாது, வருடக்கணக்கில் ஓடும் என்று பொருளாளர் ஒரு யோசனை சொன்னார். அதிலும் அங்கீகாரம் பெற்றவை உண்டு. இரண்டு மாலை ஆடிப் பார்த்தோம். துள்ளல் முழுக்க ரப்பர் சுவரிலிருந்தே வருவதால் அடிக்கும்போது கட்டை போல இருக்கிறது. முழங்கை வலி உள்ள இரண்டு பேர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூடையிலிருந்து பந்தை எடுத்து எடுத்து அடிக்கும் பயிற்சிக்கு மட்டும் அது போதும் என்று முடிவானது.

இன்னொன்றும் விவாதத்தில் வந்தது. எங்கள் உறுப்பினர் ஒருவர் கோடையில் ஊட்டியில் ஆடுவார். இதே பந்தை அங்கே கொண்டுபோனால் கோர்ட்டுக்குள் விழுவதே இல்லை என்றார். அது அவர் கையின் தவறில்லை. 1,219 மீட்டருக்கு மேலான இடங்களுக்கு விதியிலேயே தனிப் பந்து உண்டு: துள்ளல் 122 முதல் 135 சென்டிமீட்டருக்குள் நிற்கும் உயரப் பந்து, அல்லது அந்த ஊரிலேயே 60 நாள் வைத்திருந்த அழுத்தமில்லாப் பந்து. ஊட்டி 2,240 மீட்டர். கொடைக்கானலும் குன்னூரும்கூட அந்த எல்லைக்கு மேலேதான். அங்கே கிளப் நடத்துபவர்கள் எங்கள் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முடிவும் கணக்கும்

மண் கோர்ட்டில் எல்லா ஆட்டத்துக்கும் 'இ'. சிந்தெடிக்கில் நடக்கும் ஆட்டங்களுக்கு 'ஆ'. மழையாலோ நேரத்தாலோ ஆட்டம் மண்ணிலிருந்து சிந்தெடிக்குக்கு மாறினால் புது 'ஆ' கேன் ஒன்று திறந்து, இரு தரப்பும் ஐந்து நிமிடம் அடித்துப் பழகிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்தக் கடைசி ஏற்பாடு எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை, நாங்களாக வைத்துக்கொண்டது.

ஒற்றையர் 32 பேர் என்றால் 31 ஆட்டம். இரட்டையர் 16 ஜோடி, 15 ஆட்டம். 45 வயதுக்கு மேற்பட்டோர் இரட்டையர் 8 ஜோடி, 7 ஆட்டம். பெண்கள் ஒற்றையர் 8 பேர், 7 ஆட்டம். மொத்தம் 60. ஆட்டத்துக்கு ஒரு புதுக் கேன், மூன்று பந்து. முதல் இரண்டு பிரிவுகளின் அரையிறுதி, இறுதி ஆறு ஆட்டங்களில் மூன்றாவது செட் வந்தால் அதன் தொடக்கத்தில் இன்னொரு கேன். ஆக 66. பெட்டிக்கு 24 கேன், மூன்று பெட்டியில் 72. மிச்சம் ஆறு கேன் சத்தம் வராதவற்றுக்கு மாற்று. மற்ற ஆட்டங்களில் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் பாயிண்ட் டை-பிரேக் என்ற குறுகிய ஆட்டம், அதனால் ஒரு கேனே தாங்கும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் ஆட்டத்துக்கு மஞ்சள் பந்தே கிடையாது. 2012 முதல் சர்வதேச விதியும் அதுதான். பிள்ளைகளுக்கான மெதுவான பந்துகள், ஆரஞ்சும் பச்சைப் புள்ளி போட்டதும், தனியாக வாங்கினோம்.

பந்தின் எண்ணிக்கையையும் எப்போது மாற்றுவோம் என்பதையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதுவரை நாங்கள் அறிவித்ததே இல்லை. இந்த முறை யாரோடு யார் ஆடுவது என்ற டிரா பட்டியல் ஒட்டிய பலகையிலேயே பந்தின் பெயர், எண்ணிக்கை, மாற்றும் நேரம், மெத்தென்று ஆன பந்துக்கு மறு ஆட்டம் இல்லை என்ற வரி, எல்லாம் பெரிய எழுத்தில்.

பெட்டிகள் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு வந்தன. சீட்டாடும் அறை அலமாரியில் பூட்டி வைத்தோம். விம்பிள்டனில் பந்துகளை 20 டிகிரியில் வைக்கிறார்கள். எங்களால் அது முடியாது, ஆனால் 40 டிகிரியில் வைக்காமல் இருக்க முடியும். 20இலிருந்து 40க்குப் போனால் பந்துக்குள் மொத்த அழுத்தம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். ரப்பரும் சூட்டில் துள்ளும். காலை பத்தரை ஆட்டத்துக்குக் காரில் கிடந்த கேனும், அடுத்த கோர்ட்டுக்கு அறையில் இருந்த கேனும் கொடுத்தால் இரண்டும் வேறு ஆட்டம். அதனால் கேன் அலமாரியிலிருந்து நேரே கோர்ட்டுக்குப் போகும், இரு தரப்பும் பார்க்க அங்கேதான் திறப்பது.

இந்த மே மாதம் போட்டி நடந்து முடிந்தது. இரண்டு கேனில் சத்தம் வரவில்லை. இரண்டையும் வலைக்கு அருகே திறந்தவன் போன வருடம் சொல்லாமல் விட்ட அதே பையன். "அங்கிள், வேற கேன்" என்று கையைத் தூக்கினான். ஆட்டம் தொடங்கும் முன்பே மாற்றிக் கொடுத்தோம்.

ஆடி முடித்த பந்துகளில் மார்க்கர் தேதி எழுதிக் கூடையில் போடுகிறார். ஒரு மாதம் தாண்டியவை எதிர்த் தெருப் பையன்களின் கிரிக்கெட்டுக்குப் போகின்றன. போன வருடம் அரையிறுதியில் தோற்றவர்கள் இந்த முறை இறுதிவரை வந்தார்கள். மூன்றாவது செட் தொடங்கியபோது புதுக் கேனை நானே அவர்கள் கையில் கொடுத்தேன். மூத்தவர் காதருகே பிடித்துத் திறந்தார், சத்தம் எனக்கும் கேட்டது.